பொய்யில் பிறந்து போட்டியில் வளர்ந்த பாட்டு

1938-இல் அமெரிக்காவில் தும்மினால்கூட அதைக் கவனிக்க ஓர் அரசு அமைப்பு இருந்தது. வேலை இல்லாதவனுக்கு டபிள்யூ.பி.ஏ., காட்டில் மரம் நட சி.சி.சி., ஆற்றில் அணை கட்ட டி.வி.ஏ. என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆங்கில அரிச்சுவடியை வெட்டி வெட்டித் துறைகளாக ஒட்டிக்கொண்டிருந்தார். இதைப் பார்த்துக் கை துறுதுறுத்தவர்களில் ஒருவர் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் வரி வழக்கறிஞராக இருந்தவர். பெயர் ஓவன் கேஷ். வரி வக்கீலுக்குக் கேஷ் என்று பெயர் வைத்தது நானல்ல, அவருடைய பரம்பரை.

கேஷுக்கு ஒரு பலவீனம் உண்டு. நாலு ஆண்கள் தலையோடு தலை முட்டுகிற மாதிரி நின்றுகொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல், பழைய காதல் பாட்டை நாலு குரலில் இழுக்கவேண்டும். ஒருநாள் புயலால் விமானங்கள் நின்றுபோக, கன்சாஸ் சிட்டியில் மியூல்பாக் ஹோட்டலின் லாபியில் மாட்டிக்கொண்டார். அங்கே சந்தித்தது தன் ஊர்க்காரரான ரூபர்ட் ஹாலை. அவர் முதலீட்டு வங்கியாளர். வரிக்காரரும் வட்டிக்காரரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தால் ஊருக்கு ஏதோ கேடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர்களோ, ‘பார்பர்ஷாப்’ எனப்படும் அந்தக் காலத்து முடிதிருத்தும் சலூன் பாட்டு செத்துக்கொண்டிருக்கிறதே என்று புலம்பினார்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு கடிதம் போனது. சர்வாதிகாரிகளும் அரசாங்கக் கெடுபிடியும் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில், அதிகாரி எவரும் இன்னும் கை வைக்காத ஒரே குடிமக்கள் உரிமை இந்த நாலு குரல் பாட்டுதான் என்றது கடிதம். அமைதியாகக் கூடும் உரிமையில் கூடிப் பாடும் உரிமையும் அடக்கம் என்று தக்க சட்ட ஆலோசனை பெற்றிருப்பதாகவும் சொன்னது. எழுதியவரே வக்கீல் என்பதால் ஆலோசனைக் கட்டணம் மிச்சம். ஹால் தன்னை ‘மைனர் சுருதிகளின் அரச காப்பாளர்’ என்று போட்டுக்கொண்டார். கேஷ் அடக்கமானவர், ‘மூன்றாவது உதவித் தற்காலிகத் துணைத் தலைவர்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிற்பாடு அந்தத் ‘தற்காலிக’ப் பதவிக்கு முன்னால் ‘நிரந்தர’ என்பதையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 11-ஆம் தேதி டல்சா கிளப்பின் மொட்டைமாடித் தோட்டத்தில் 26 பேர் கூடினார்கள். சங்கத்துக்கு நிலைத்த பெயர்: ‘அமெரிக்காவில் சலூன் நால்வர் பாட்டைப் பாதுகாக்கவும் ஊக்குவிக்கவுமான சங்கம்’. ரூஸ்வெல்ட்டைக் கிண்டல் செய்யவேண்டும் அல்லவா, ஆகவே சுருக்கினார்கள்: எஸ்.பி.ஈ.பி.எஸ்.கியூ.எஸ்.ஏ. நம்மூர்க் கட்சி நாலு முறை உடைந்து, ஒவ்வொரு உடைசலும் ஒரு தலைவர் பெயரைச் சேர்த்துக்கொண்டாலும் இத்தனை எழுத்து தேறாது. இதை உச்சரிக்க முயலவேண்டாம் என்று பின்னாளில் சங்கமே கேட்டுக்கொண்டது.

இதெல்லாம் வேடிக்கை. வினை வந்தது மூன்றாவது கூட்டத்தில். ஆல்வின் ஹோட்டலில் சுமார் 150 பேர் கூடி, சன்னல் திறந்திருந்த தைரியத்தில் உரக்கப் பாட, கீழே தெருவில் வண்டிகள் நின்றுவிட்டன. போலீஸ் வந்து நெரிசலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்த வழியாகப் போன பத்திரிகை நிருபர் ஒருவர் மேலே ஏறி வந்தார். இது என்ன கூத்து என்று விசாரித்தார். கேஷ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இது தேசிய அளவிலான இயக்கமாக்கும், செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி என்று ஊர் ஊராகக் கிளை இருக்கிறது என்று அடித்துவிட்டார். அந்தக் கிளைகளில் உட்கார ஒரு காக்கைகூட அப்போது கிடையாது. செய்தி அச்சாகிக் கம்பி வழியே நாடெல்லாம் போனது. படித்தவர்கள் தங்கள் ஊர்க் கிளை எங்கே என்று தேடினார்கள். இல்லை என்று தெரிந்ததும் தாங்களே ஆரம்பித்துவிட்டார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். கேஷுக்கு விருந்தே கிடைத்தது.

பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு குரலில் ராகத்தைத் தாங்குகிறவர் லீட். மேற்கத்திய தேவாலயப் பாடல்களில் ராகம் வழக்கமாக உச்சியில் இருக்கும். இங்கே உச்சியில் மெல்லிசாக இழைபவர் டெனர், ராகம் அவருக்குக் கீழே. அடித்தளம் பேஸ். நாலாவது ஆள் பேரிடோன். மற்ற மூவரும் நல்ல நல்ல ஸ்வரங்களைப் பொறுக்கிக்கொண்டபின் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சாப்பிடுவது இவர் வேலை. இவர் பகுதியைத் தனியாகப் பாடினால் பாட்டு என்றே யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பேரிடோன்களைப் பற்றி அந்த உலகத்தில் உலவும் நகைச்சுவைகளைத் தொகுத்தால் தலையணை கனத்துக்குப் புத்தகம் வரும்.

இவர்கள் உயிரை விடுவது ஒரு குறிப்பிட்ட நாலு ஸ்வரக் கூட்டுக்காக. அதில் ஏழாம் ஸ்வரத்தைப் பியானோவில் இருக்கிறபடி பாடினால் போதாது. அதற்கு ஏறக்குறைய 31 சென்ட் கீழே, அதாவது அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கிப் பிடிக்கவேண்டும். அப்படிப் பிடித்தால் நாலு குரலின் அதிர்வுகளும் 4:5:6:7 என்ற விகிதத்தில் பூட்டிக்கொள்ளும். உடனே தலைக்கு மேலே யாருமே பாடாத ஐந்தாவது குரல் ஒன்று கணீரென்று கேட்கும். தம்புராவில் காந்தாரத்துக்குத் தனித் தந்தி கிடையாது. சுருதி சுத்தமாகச் சேர்ந்தால் அந்தர காந்தாரம் தானாக எழும்புகிறதே, அதே பௌதிகம்தான். நம் வித்வான்கள் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவர்கள் கண்ணை விரித்து, புருவத்தைத் தூக்கி, எதிரில் இருப்பவனின் தோளைப் பிடித்துக்கொள்வார்கள்.

பாட்டின் கடைசி வரியை ‘டேக்’ என்பார்கள். அதற்காகவே வாழ்கிற ஒரு கூட்டம் உண்டு. மாநாடு நடக்கும் ஹோட்டலின் லாபியில் இரவு இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். முன்பின் அறிமுகமில்லாத நாலு பேர் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் மற்ற மூவருக்கும் அவரவர் பகுதியை வாயாலேயே சொல்லிக்கொடுப்பார், காகிதம் கிடையாது. இரண்டு நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். ஒருவர் ஒரே ஸ்வரத்தை முகம் செம்பருத்தி நிறத்துக்குப் போகும்வரை பிடித்துக்கொண்டு நிற்க, மற்ற மூவரும் அவருக்குக் கீழே படி படியாக ஸ்வரம் மாற்றிக்கொண்டே போவார்கள். கடைசிக் கூட்டு பூட்டியதும் யாரும் கைதட்டுவதில்லை. வயிற்றுவலி வந்தவர்கள் மாதிரி ஒரு முனகல். உடனே, இன்னொரு தடவை. பக்கத்து அறையில் தூங்க வந்தவர் வேறு ஹோட்டல் பார்த்திருக்கவேண்டும்.

இதற்கும் சலூனுக்கும் என்ன சம்பந்தம்? கேஷ் கூட்டத்தாரின் கற்பனையில் அந்தக் காலம் என்றால் கோடுபோட்ட அரைக்கோட்டு, வைக்கோல் தொப்பி, முறுக்கு மீசை. 1936-இல் நார்மன் ராக்வெல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ அட்டையில் வரைந்தாரே, முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் உட்பட நாலு வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து பாடுகிற மாதிரி, அதேதான். படம் பிரமாதம். சரித்திரம்தான் கொஞ்சம் இடிக்கிறது.

ஏனென்றால் இந்தப் பாட்டு பிறந்த இடம் கறுப்பினத்தவரின் சலூன்களும் தெருமுனைகளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே முடிவெட்டும் தொழிலில் கறுப்பினத்தவரே நிறைந்திருந்தார்கள். வெள்ளைக்காரத் துரையின் தொண்டையில் கத்தி வைக்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. அதே துரையோடு ஒரே மேசையில் சாப்பிடத்தான் இல்லை. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வளர்ந்த எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், ஒவ்வொரு சலூனுக்கும் சொந்தமாக ஒரு நால்வர் குழு இருந்ததையும், வேலை ஓய்ந்த நேரத்தில் அவர்கள் புதுப் புது ஸ்வரக் கூட்டுகளைத் தேடித் துழாவியதையும் 1920-களிலேயே எழுதிவைத்துவிட்டார். லூயி ஆம்ஸ்ட்ராங் ஜாஸ் உலகச் சக்கரவர்த்தி ஆவதற்கு முன், நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் சிறுவனாக நால்வர் குழுவில் பாடிக் காசு பொறுக்கினார். ஸ்காட் ஜாப்ளின் தன் ‘ட்ரீமோனிஷா’ ஓபராவில் இந்தப் பாணியில் ஓர் இடத்தையே வைத்தார். ஆனால் டல்சாவில் மொட்டைமாடி ஏறியவர்களின் ஞாபகத்தில் இதெல்லாம் சவரத்தோடு சவரமாக வழிக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புச் சங்கத்தார் எல்லாவற்றையும் பாதுகாத்தார்கள், சொந்தக்காரனின் பெயரைத் தவிர.

மறந்துபோனது மட்டுமென்றால் போகட்டும், மறதி என்று விட்டுவிடலாம். சங்கம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்றே நடந்தது. 1941-இல் குட்டு உடைந்தது. நியூயார்க் நகரப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது ‘கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ்’. ரெட் கேப்ஸ் என்றால் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் சிவப்புத் தொப்பிக்காரர்கள், நால்வரும் கறுப்பினத்தவர். ஜெயித்தவர்கள் செயின்ட் லூயிஸில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. வரக்கூடாது என்றது சங்கம். முன்னாள் கவர்னரும் 1928-இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றவருமான அல் ஸ்மித் ராஜினாமா கடிதத்தை வீசினார். நியூயார்க்கின் பூங்கா ராஜா ராபர்ட் மோசஸும் வீசினார். மோசஸ் தன் பூங்காக்களிலும் சாலைகளிலும் கறுப்பினத்தவருக்குக் கரிசனம் காட்டி உருகினார் என்று அவருடைய எதிரியோ நண்பனோ யாரும் எழுதியதில்லை. அவரே தாங்காமல் எழுந்து போகிறார் என்றால் சபை எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வருடக் கோப்பையை டல்சாவைச் சேர்ந்த ‘கார்ட் பஸ்டர்ஸ்’ தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டி தூக்கத் தெரிந்தவர்களுக்குக் கோப்பை தூக்கக் கொடுத்துவைக்கவில்லை. கறுப்பினத்தவருக்குக் கதவு திறக்க 1963 ஆயிற்று.

போட்டி என்ற வியாதி 1941-க்கு முன்பே தொற்றிவிட்டது. 1939-இல் டல்சாவிலேயே முதல் போட்டி; ஜெயித்தவர்கள் பார்ட்டில்ஸ்வில் ஊரின் ‘பார்ஃபிளைஸ்’, அதாவது மதுக்கடையில் மொய்க்கும் ஈக்கள். பெயரிலேயே தன்னடக்கம். மறுவருடம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெயித்த ‘ஃபிளாட் ஃபுட் ஃபோர்’ நால்வரும் ஓக்லஹோமா சிட்டிப் போலீஸ்காரர்கள். குடிகாரப் பெயர் வைத்தவர்களுக்குப் பின்னாலேயே போலீஸ் வந்தது முறைதானே.

1950-இன் சாம்பியன்களான ‘பஃபலோ பில்ஸ்’ குழுவுக்கு அடித்தது வேறு யோகம். 1957-இல் பிராட்வேயில் ‘தி மியூசிக் மேன்’ நாடகம் வந்தபோது பள்ளிக்கூட நிர்வாகக் குழுவின் நாலு உறுப்பினர்களாக நடிக்க அவர்களைப் பிடித்துப் போட்டார்கள். அதன் நாயகன் ஓர் எத்தன். சங்கீதம் தெரியாமலே சங்கீத வாத்தியாராக ஊரை ஏமாற்ற வந்தவன். ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் அந்த நால்வரும் உன் சான்றிதழைக் காட்டு என்று வந்து நிற்கும்போதெல்லாம், அவன் சுருதியை எடுத்துக்கொடுத்துப் பாடவிட்டு நழுவிவிடுவான். நிருபரிடம் கேஷ் செய்தது இதில் பாதிதான்.

நாலு பேர் பாடினால் நாலு பேருக்குத்தான் மெடல். கிளையில் மீதி இருப்பவர்கள் எத்தனை நாள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள்? ஒரு குரலுக்கு ஒருவர் என்பது போய் ஒரு குரலுக்குப் பத்து, இருபது பேர் என்று கோரஸ் கிளம்பியது. முதல் சர்வதேசக் கோரஸ் போட்டி 1953-இல் டெட்ராய்ட்டில் நடந்தது; மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரைச் சேர்ந்த ‘கிரேட் லேக்ஸ் கோரஸ்’ ஜெயித்தது. அதே வருடம் கேஷ் காலமானார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே நம்புகிறேன்.

அரசாங்கத்தின் விதி மோகத்தைக் கேலி செய்யப் பிறந்த சங்கம், போகப்போக ரூஸ்வெல்ட்டே வெட்கப்படும் அளவுக்கு விதிகளைப் பெற்றுப் போட்டது. ஒரு குழுவுக்கு இரண்டு பாட்டு. தேசபக்திப் பாட்டு கூடாது, பக்திப் பாட்டும் கூடாது. கடவுளையும் கொடியையும் பாடுகிறவனுக்கு எந்த நடுவர் மதிப்பெண் குறைப்பார்? வாத்தியம் கூடாது, சுருதி எடுக்க உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான பிட்ச் பைப் மட்டும் உண்டு. அந்த ஏழாம் ஸ்வரக் கூட்டு பாட்டில் தாராளமாக வரவேண்டும், இல்லையென்றால் இது சலூன் பாட்டே அல்ல. இசை, பாடுமுறை, மேடை நிகழ்த்தல் என்று மூன்று பிரிவு. பிரிவுக்கு ஐந்து நடுவர். ஒரு பாட்டுக்கு ஒவ்வொருவர் கையிலும் 100 மதிப்பெண். கூட்டிப் பெருக்கினால் 3000. சலூனில் தங்கள் முறை வரும்வரை பொழுதுபோகாமல் பாடியவர்களின் பாட்டுக்கு இந்தக் கணக்கு.

இன்னொரு விதிதான் சரித்திரத்தையே ஆட்டிவைத்தது. கோரஸில் தங்கம் வாங்கியவர்கள் அடுத்த இரண்டு வருடம் போட்டியிடக்கூடாது. மற்றவர்களும் பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணம். டல்லாஸின் ‘வோக்கல் மெஜாரிட்டி’ இதைக் காலண்டராக மாற்றிக்கொண்டது. நூறு பேருக்கு மேல் நிற்கும் படை. ஜிங்கிள் பாடிப் பழகிய ஜிம் கிளான்சி தளபதி. 1975-இல் முதல் தங்கம். பிறகு 1979. இரண்டு வருட ஓய்வு, 1982-இல் தங்கம். ஓய்வு, 1985. ஓய்வு, 1988. இப்படியே 2006 வரை வரிசையாகப் பத்து முறை, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அமாவாசை, பௌர்ணமிகூடப் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சற்று மாறும், இது மாறாது. மற்றக் கோரஸ்களின் வியூகம் எளிமையானது: அவர்கள் ஓய்வில் இருக்கும் இரண்டு வருடத்தில் வாங்கவேண்டியதை வாங்கிக்கொள், மூன்றாம் வருடம் போய் வேடிக்கை பார்.

2009-இல் அனஹெய்மில் மறுபடி டல்லாஸ் முறை. எதிரே மிசௌரியின் செயின்ட் சார்ல்ஸ் ஊரிலிருந்து ‘அம்பாசிடர்ஸ் ஆஃப் ஹார்மனி’. அவர்கள் எடுத்துவந்த பாட்டு ‘தி மியூசிக் மேன்’ நாடகத்து ‘செவன்டி சிக்ஸ் டிராம்போன்ஸ்’. அதே எத்தன் பாடுகிற பாட்டு. நாலு குரலுக்கு அமைத்துக்கொடுத்தவர் டேவிட் ரைட், பிழைப்புக்குக் கணிதப் பேராசிரியர். 76 டிராம்போன் பற்றிய பாட்டு, மேடையில் ஒரு டிராம்போன் கிடையாது. வாயாலேயே அணிவகுப்பு பேண்டு முழுவதையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாட்டின் நடுவே நின்ற இடத்திலேயே அத்தனை பேரும் உடை மாற்றிக் காட்ட, அரங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது. முடிவு வந்தபோது டல்லாஸ் சலூன் பாட்டுக்குப் பொருத்தமாக மயிரிழையில் தோற்றிருந்தது.

அந்த அம்பாசிடர்களை நடத்திய ஜிம் ஹென்றி யார் தெரியுமா? 2000-இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இந்தப் பாட்டின் பூர்வீகத்தை ஆராய்ந்து, அது கறுப்பினத்தவரின் இசையிலிருந்து வந்தது என்று பக்கம் பக்கமாக நிறுவியவர். லின் அபட் என்ற ஆய்வாளர் 1992-இல் பழைய பத்திரிகைகளைக் கிளறி எடுத்துப் போட்டிருந்த சான்றுகளுக்கு, பழைய இசைத்தட்டுகளையும் இசையமைப்புகளையும் வைத்து மேலும் வலுச்சேர்த்தார். ரெட் கேப்ஸை உள்ளே விடாத அதே செயின்ட் லூயிஸ். தங்கத்தைவிட அந்த ஆய்வேட்டுக்குத்தான் சங்கம் முதலில் எழுந்து நின்றிருக்கவேண்டும் என்பது என் கட்சி.

நீளப் பெயரை 2004-இல் ‘பார்பர்ஷாப் ஹார்மனி சொசைட்டி’ என்று வெட்டிக்கொண்டார்கள். முடிதிருத்தல் ஒருவழியாகச் சங்கத்துக்கே நடந்தது. டல்லாஸ்காரர்கள் 2014-இலும் 2018-இலும் மறுபடி ஜெயித்து 13 தங்கம் சேர்த்தார்கள். அந்த 2018-இல்தான் சங்கம் இன்னொரு புரட்சியும் செய்தது. எண்பது வருடம் ஆர அமர யோசித்து, பெண்களும் உறுப்பினர் ஆகலாம் என்று அறிவித்தது. கணவன்மார் வாரம் தவறாமல் ஒத்திகைக்குப் போய்விட, சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாத டல்சாப் பெண்கள் 1945-லேயே ‘ஸ்வீட் அடலைன்ஸ்’ என்று தங்கள் சங்கத்தை ஆரம்பித்து, அதில் தங்கள் போட்டி, தங்கள் மெடல் என்று நடத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆண்களிடமிருந்து நிறத்தடையையும் சேர்த்துக் காப்பியடித்தார்கள். அது பிடிக்காத சில கிளைகள் 1959-இல் பிய்த்துக்கொண்டு போய் ‘ஹார்மனி இன்கார்ப்பரேட்டட்’ ஆரம்பித்தன. ஆக, 2018-இல் சங்கம் பெருந்தன்மையோடு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தபோது, அழைப்பு போன வீட்டில் 73 வருடமாகக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது, அதுவும் இரண்டு கோஷ்டியாக.